உடனடிப் பல் இம்ப்ளாண்ட்: எலும்புத்தூள் வைக்காவிட்டால் பிடிமானம் குறையுமா?

கேள்வி:
மேல் தாடையின் முன்பல் ஒன்றின் வேர் விரிசல் விட்டிருப்பதால், அதை எடுத்த கையோடு அதே குழியில் இம்ப்ளாண்ட் (எலும்பில் திருகப்படும் செயற்கை வேர்) பொருத்திவிடலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். குழியில் எலும்புத்தூள் நிரப்பியே ஆக வேண்டும் என்பது அவர் கருத்து. நான் ஆலோசனை கேட்ட இன்னொரு மருத்துவரோ, இம்ப்ளாண்டுக்கும் குழியின் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி சிறியதாக இருந்தால் அது தேவையில்லை என்கிறார். தூள் வைக்காவிட்டால் இம்ப்ளாண்ட் நாளடைவில் ஆடத் தொடங்குமோ என்பதே என் அச்சம். விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பல் மருத்துவர்):
பொருத்தும் நாளில் கிடைக்கும் பிடிமானத்தைத் தருவது உங்கள் சொந்த எலும்புதான், எலும்புத்தூள் அல்ல. முன்பல் குழியில் இம்ப்ளாண்டின் மரைகள் பெரும்பாலும் அண்ணப் பக்கத்துச் சுவரையும், குழியின் அடிக்கு அப்பால் உள்ள 3 முதல் 5 மி.மீ. எலும்பையும் கவ்விப் பிடிக்கின்றன. வெளிப்பக்க இடைவெளியில் இடப்படும் தூள் தளர்வான துகள்களே என்பதால், அது அன்றைக்கு எந்தச் சுமையையும் தாங்காது.

இந்தப் பிடிமானத்தை அளந்தே பார்க்கலாம். முறுக்கி இறுக்கும்போது ஏற்படும் எதிர்ப்பு ஏறத்தாழ 35 நியூட்டன் சென்டிமீட்டரை எட்டினால்தான் அன்றே தற்காலிகப் பல் பொருத்தப் பலரும் துணிவார்கள். மற்றொன்று ஐஎஸ்க்யூ (ISQ) எனப்படும் இம்ப்ளாண்டின் நிலைத்தன்மை அளவீடு. இம்ப்ளாண்டின் தலையில் காந்தம் பதித்த சிறு முளையைத் திருகி, கருவியின் முனையை அதன்மேல் படாமல் அருகே பிடித்தால், 1 முதல் 100 வரையிலான அளவுகோலில் ஓர் எண் வரும். 70க்கு மேல் இருந்தால் நல்ல பிடிமானம்; 60க்குக் கீழே என்றால் அவசரப்படக் கூடாது.

தூள் வைத்தாலும் வைக்காவிட்டாலும், மூன்றாவது, நான்காவது வாரவாக்கில் இந்தப் பிடிமானம் சற்றுக் குறைவது இயல்பு. மரைகள் கவ்வியிருந்த பழைய எலும்பு கரைந்து, புதிய எலும்பு இன்னும் முழுமையாக உருவாகாத காலம் அது. அந்த வாரங்களில் அந்தப் பல்லால் கடிக்காமல் இருப்பது மிக முக்கியம்.

அப்படியானால் தூள் எதற்கு என்று கேட்பீர்கள். முன்பற்களின் வெளிச்சுவர் பலருக்கு 1 மி.மீ. தடிமன்கூட இருப்பதில்லை. பல்லைத் தாங்கிய தசைநாரோடு பிணைந்திருந்த எலும்பே அதில் பெரும்பகுதி என்பதால், பல் போனதும் அது கரையத் தொடங்கும். இம்ப்ளாண்ட் வைப்பதால் மட்டும் அந்தக் கரைவு நிற்காது என்பதை அராவ்ஜோ, லிண்டே ஆகியோர் நாய்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மெதுவாகக் கரையும் மாட்டெலும்புத் துகள்களை இடைவெளியில் வைத்தால் ஈறின் வடிவம் பெருமளவு காக்கப்படும். பின்னாளில் ஈறு உள்வாங்கி உலோக நிழல் தெரியாமல் இருக்க அது உதவும்.

மறுமொழி 2 (பல் அறுவைச் சிகிச்சைத் துறையில் பணிபுரிபவர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். இடைவெளி 2 மி.மீ.க்குக் குறைவாகவும் சுவர்கள் முழுமையாகவும் இருந்தால், அதில் இரத்த உறைவு தங்கித் தானாகவே எலும்பாக மாறும் என்பதே உங்கள் இரண்டாவது மருத்துவரின் கருத்துக்கு அடிப்படை. அது சரியானதே. ஆனாலும் சிரிக்கும்போது தெரியும் இடத்தில் நான் சிறிய இடைவெளியையும் நிரப்பவே விரும்புவேன். காரணம் பிடிமானம் அன்று, தோற்றம்.

விரிசல் விட்ட வேர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தகைய பற்களில் விரிசலை ஒட்டி வெளிச்சுவர் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருப்பது அடிக்கடி நிகழும். சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்ரே) ஸ்கேனில் அந்தச் சுவர் இல்லையென்று தெரிந்தாலோ, திருகும்போது போதிய பிடி கிடைக்காவிட்டாலோ, தூளைக் கொட்டிச் சமாளிக்க முயலாமல், குழியை மட்டும் நிரப்பி மூடிவிட்டுச் சில மாதங்கள் கழித்து இம்ப்ளாண்ட் வைப்பதே பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுவர் முழுமையாக இருந்து தூளும் வைத்துவிட்டால், அன்றே தற்காலிகப் பல்லைக் கேட்கலாமா?

மறுமொழி 1:
கேட்கலாம், ஆனால் முடிவைத் தூளைக் கொண்டு எடுக்க முடியாது. திருகி முடித்ததும் கிடைக்கும் அளவைப் பார்த்தே மருத்துவர் சொல்ல முடியும். வைத்தாலும் எதிர்ப்பல் அதைத் தொடாதபடி உயரத்தைக் குறைத்தே வைப்பார். புகைபிடிக்கும் பழக்கமோ கட்டுக்குள் இல்லாத நீரிழிவோ இருந்தால் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.