மொத்தமாகக் கொட்டுவதா, வாரா வாரம் விடுவதா? ஓடிடி அனிமே: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெள்ளிக்கிழமை_ரசிகன், கோவை

‘ஜோஜோ ஃபிரைடே’ என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ‘ஜோஜோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரின் ஒரு பாகமான ‘கோல்டன் விண்ட்’ 2018 அக்டோபரில் தொடங்கி அடுத்த ஜூலை வரை 39 எபிசோடு ஓடியது. வெள்ளிக்கிழமை வந்தால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே கிடையாது. ஏழாவது எபிசோடில் எதிரியைப் பிடித்து வைத்துக்கொண்டு மூன்று பேர் திடீரென்று ஆடுவார்களே, அந்த ‘டார்ச்சர் டான்ஸ்’ வந்தபோது இணையத்தில் போகிற இடமெல்லாம் அந்த ஆட்டம்தான். அடுத்த வெள்ளிக்குள் யார் சாவார், யாருடைய ஸ்டாண்ட் (அந்தக் கதையில் ஒவ்வொருவருக்கும் உள்ள அமானுஷ்ய சக்தி) என்ன செய்யும் என்று ஆளாளுக்கு ஆரூடம் சொல்வார்கள். மூலக் கதையான மாங்காவை, அதாவது ஜப்பானியக் காமிக்ஸை, முன்பே படித்தவர்கள் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த பாகமான ‘ஸ்டோன் ஓஷன்’ நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது. 2021 டிசம்பர் 1 அன்று 12 எபிசோடு ஒரே நாளில் வந்தது. அப்புறம் ஒன்பது மாதம் சத்தமே இல்லை. 2022 செப்டம்பர் 1 அன்று இன்னொரு 12, டிசம்பர் 1 அன்று மிச்சம் 14. அதே டேவிட் புரொடக்ஷன் ஸ்டுடியோ, அதே உழைப்பு. முதன்முதலாக ஒரு பெண், ஜோலின், கதையின் நாயகி. கதையும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் குழுவில் ஒருவன் விடியும் முன் எல்லாவற்றையும் முடித்துவிட்டான், ஒருவனுக்கு செமஸ்டர், ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு என்று பார்த்தாள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த முடிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று.

இத்தனைக்கும் நான் ஓடிடி எதிர்ப்பாளன் இல்லை. நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘டெவில்மேன் க்ரைபேபி’ மாதிரி ஒன்றை எந்த டிவி சேனலும் அப்படியே ஒளிபரப்பியிருக்காது. காசு போட்டவர்கள் இஷ்டப்படி வெளியிடுகிறார்கள், அதுவும் நியாயம்தான். ஆனாலும் அந்த ஒரு வாரக் காத்திருப்பு போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. உங்களுக்கு எப்படி? திருட்டுத் தள லிங்க் மட்டும் யாரும் போடாதீர்கள்.

ஜெர்சி_அக்கா, நியூ ஜெர்சி

தம்பி, உங்களுக்காவது ஒரே நாளில் மொத்தமும் கிடைத்தது. எங்கள் ஊரில் அதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது, ‘நெட்ஃபிளிக்ஸ் ஜெயில்’ என்றே அதற்குப் பெயர். ஜப்பானில் வாரா வாரம் ஓடிக்கொண்டிருக்கும், உரிமையை வாங்கியவர்கள் சீசன் முடிந்து டப்பிங்கும் தயாராகும் வரை பூட்டியே வைத்திருப்பார்கள். ‘லிட்டில் விட்ச் அகாடமியா’ டிவி தொடர் 2017 ஜனவரியில் ஜப்பானில் ஆரம்பித்தது, நெட்ஃபிளிக்ஸில் முதல் பாதி ஜூன் கடைசியில்தான் வந்தது. ‘கேரல் அண்ட் டியூஸ்டே’ 2019 ஏப்ரலில் தொடங்கி எங்களுக்கு ஆகஸ்ட் 30. ‘பீஸ்டார்ஸ்’ அக்டோபரில் தொடங்கி அடுத்த மார்ச்.

‘வயலட் எவர்கார்டன்’ கதை இன்னும் வேடிக்கை. 2018 ஜனவரியிலிருந்து வேறு நாடுகளில் நெட்ஃபிளிக்ஸிலேயே வாரா வாரம் வந்தது, அமெரிக்காவில் எங்களுக்கு ஏப்ரல்தான். லண்டனில் இருக்கும் என் சித்தி மகள் ஒவ்வொரு எபிசோடும் முடித்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்வாள். “அக்கா, இன்னிக்கு அந்த அம்மா லெட்டர்...” என்று ஆரம்பிப்பாள். “வைடி போனை!” என்பேன். பாவம், அவளுக்கும் பேச ஆள் வேண்டும்தானே.

அமேசான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரியில் ‘அனிமே ஸ்ட்ரைக்’ என்று ஒரு தனிச் சேனல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். ஏற்கெனவே வருடத்துக்கு 99 டாலர் பிரைம் கட்டியவர்கள் அதற்கு மேல் மாதம் 4.99 டாலர் கட்ட வேண்டும். அந்த வருடத்து நல்ல தொடர்கள் சில அதற்குள் போய் மாட்டிக்கொண்டன. அப்போது அவை வந்ததே இங்கே பலருக்குத் தெரியாது. சரியாக ஒரு வருடத்தில், 2018 ஜனவரியில், கடையை மூடிவிட்டார்கள். கட்டணமில்லாமல் பார்க்கிற வழி எத்தனையோ இருக்கிற உலகத்தில், காசு கட்டத் தயாராக இருக்கிறவனையே இரண்டு தடவை கட்டச் சொன்னால் அவன் எங்கே போவான் என்று யோசிக்கவே இல்லை.

நைட்_டியூட்டி, திருச்சி

எல்லாரும் வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்கிறீர்கள். நான் நர்ஸ். எனக்கு வெள்ளி எது, செவ்வாய் எது? ஆஃப் கிடைக்கிற நாள்தான் எனக்கு ரிலீஸ் நாள். ‘சைபர்பங்க் எட்ஜ்ரன்னர்ஸ்’ பத்து எபிசோடையும் ஒரே மூச்சில் பார்த்தேன். அதை வாரா வாரம் பார்த்திருந்தால் நாயகன் டேவிட் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை இழப்பது இவ்வளவு வலித்திருக்காது. இந்தத் தொடருக்கு அடிப்படையான ‘சைபர்பங்க் 2077’ என்ற, 2020இல் வெளியாகி எல்லாரிடமும் திட்டு வாங்கிய வீடியோ கேமுக்கு, 2022 செப்டம்பரில் இந்தத் தொடர் வந்த பிறகுதான் கூட்டம் திரும்பி வந்தது. ஒரே நாளில் கொட்டினால் பேச்சே இருக்காது என்று யார் சொன்னது?

‘புளூட்டோ’வும் அப்படித்தான். எட்டே எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அரைமணி டிவி ஸ்லாட்டுக்குள் அதை வெட்டித் திணித்திருந்தால் நான் முதலிலேயே கழன்றிருப்பேன்.

ஃபிரேம்_பை_ஃபிரேம், சென்னை

நான் வடபழனியில் விஎஃப்எக்ஸ் காம்போசிட்டிங் செய்கிறவன், ஜப்பான் வேலை இல்லை. ஆனால் ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு என்று பேரம் பேசுகிற உலகம் எனக்குப் பழக்கம். அதனால் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

ஜப்பானில் ஓர் அனிமேவுக்குப் பணம் போடுவது வழக்கமாக ஸ்டுடியோ இல்லை. மாங்கா பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி, விளம்பர ஏஜென்சி என்று பல பேர் பங்கு போட்டுத் தயாரிப்புக் குழு ஒன்றை அமைப்பார்கள். தோற்றால் நஷ்டம் பிரிந்துபோகும். ஜெயித்தால் லாபம் குழுவுக்கு. குழுவில் பங்கு இல்லாத ஸ்டுடியோவுக்குப் பேசிய கூலி மட்டும்தான், தொடர் உலகமெல்லாம் ஓடினாலும். அதனால்தான் 2018 ஜனவரியில் புரொடக்ஷன் ஐஜி, போன்ஸ் என்ற இரண்டு ஸ்டுடியோக்களோடும் நெட்ஃபிளிக்ஸ் நேரடி ஒப்பந்தம் போட்டபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அடுத்த வருடம் டேவிட் புரொடக்ஷனும் சேர்ந்தது. இடைத்தரகர் குறைந்தால் வரைகிற கைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை.

போனதா? 2021இல் ஓர் அனிமேட்டர் வெளிப்படையாக எழுதினார்: நெட்ஃபிளிக்ஸ் தொடர் ஒன்றுக்கு ஒரு ‘கட்’டுக்கு, அதாவது ஒரு ஷாட்டுக்கு, 3,800 யென் தருவதாக மாப்பா ஸ்டுடியோ கேட்டது, இது அடிமாட்டு விலை என்று. மாப்பா அதை மறுத்து அறிக்கை விட்டது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும், ஓடிடி பட்ஜெட் என்றாலே எல்லாரும் செழிப்பு என்று நினைக்கிற நினைப்பு அன்றோடு எனக்குப் போய்விட்டது. பிறகு 2023 ஜனவரியில் ‘டாக் அண்ட் பாய்’ என்று நெட்ஃபிளிக்ஸின் மூன்று நிமிடக் குறும்படம். பின்னணிப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு வரைந்தது, காரணம் தொழிலில் ஆள் பற்றாக்குறை என்றார்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் பின்னணி வடிவமைப்புக்கு ‘ஏஐ, கூடவே மனிதர்’ என்று போட்டிருந்தது. அந்த மனிதருக்கு ஒரு பெயர்கூட இல்லை! எனக்கு இதைவிடக் கோபம் வந்த விஷயம் இந்தத் துறையில் வேறு இல்லை. ஆள் ஏன் பற்றவில்லை என்று கேட்டால் பதில் கூலியில் இருக்கிறது.

இன்னொன்று. ‘ஒரிஜினல்’ என்று போஸ்டரில் போட்டிருப்பதை எல்லாம் அவர்களே தயாரித்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல தொடர்களில் வெளியிடும் உரிமை மட்டும்தான் அவர்களுடையது. சொந்தக் காசில் செய்ய வேண்டும் என்று துணிந்தது மாப்பாதான், 2022இல் ‘செயின்சா மேன்’ முழுவதற்கும் அவர்களே முதல் போட்டார்கள். மேலே திட்டிவிட்டு இங்கே பாராட்டுகிறேன், இரண்டுமே உண்மைதான்.

பனைமரம்07, யாழ்ப்பாணம்

அண்ணை, இங்கே பிரச்சினை வேறு. எங்கட கம்பஸ் பெடியளில் பாதிப் பேரிடம் கடன் அட்டை இல்லை. எந்தத் தளம் எதைத் தயாரித்தது என்பதைவிட, யாருடைய மச்சானின் கணக்கில் இடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. நாங்கள் சட்டப்படி பார்த்த அனிமேயில் கனக்க யூடியூப்பில்தான். மியூஸ் ஆசியா மாதிரிச் சேனல்கள் இலவசமாகப் போட்டது பெரிய உதவி. விளம்பரம் வந்தால் வரட்டும்.

ஒரு பெரிய தளம் ஒரு தொடரைத் தனக்கு மட்டும் என்று வாங்கினால் எங்களுக்கு அது இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். தரம் கூடினதா குறைந்ததா என்று கதைக்கிறதுக்கு முதல் பார்க்கக் கிடைக்க வேணுமே.

கண்மாய்க்கரை, மதுரை

தமிழ் டப்பிங் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். ‘சோலோ லெவலிங்’ 2024இல் க்ரஞ்சிரோல் என்ற அனிமே ஓடிடி தளத்தில் வந்தபோது தமிழிலும் வந்தது. நான் ஜப்பானிய ஒலியும் ஆங்கில சப்டைட்டிலுமாகப் பழகியவன், முதல் பத்து நிமிடம் ஒட்டவே இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, என்ன பொம்மைப் படம் என்று கேலி செய்துகொண்டே இருந்தவர், அந்தக் கோயில் சிலைகள் எழுந்து ஆட்களைக் கொல்லும் இடத்தில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். மறுநாள் காலையில், “அந்தப் பையன் பொழைச்சானா?” என்று அவரேதான் கேட்டார். சப்டைட்டிலால் இது நடந்திருக்காது.

2025 செப்டம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ தமிழிலும் தியேட்டருக்கு வந்தது. அங்கேயும் அப்பாவை அழைத்துப்போனேன். நாயகன் தஞ்சிரோ யார் என்பதே அவருக்குத் தெரியாது, ஆனாலும் வில்லன் அகாசாவின் முன்கதைக்குக் கண் கலங்கினார்.

குறை என்னவென்றால், தமிழுக்கு வருவதில் பெரும்பாலும் சண்டைத் தொடர்கள்தான். அமைதியாக, மெதுவாகப் போகிற ஒன்றை யாராவது தமிழில் கொண்டுவருவார்களா? கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். 2022இல் க்ரஞ்சிரோல் இந்தியாவில் மாதம் 79 ரூபாய்க்கு விலையை இறக்கியது நல்லதுதான், ஆனால் அந்த விலைக்கு எல்லாவற்றையும் எதிர்பார்க்கவும் முடியாது. புரிகிறது. புரிந்தாலும் ஆசை போகவில்லை.

பழைய_டிஸ்க், சிங்கப்பூர்

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ 2019 ஜூன் 21 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்தது. முதன்முறையாகப் புதியவர்களுக்கு எளிதாகக் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் ஜப்பானுக்கு வெளியே எபிசோடின் கடைசியில் வரும் ‘ஃப்ளை மீ டு தி மூன்’ இல்லை. அதற்குப் பதில் ஒரு பியானோ இசை. அந்தப் பாட்டு வெறும் அலங்காரம் இல்லை, அவ்வளவு இருட்டுக்குப் பிறகு அது வருகிற விதத்தில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கும். இப்போது பார்ப்பவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

க்ரஞ்சிரோலோடு இணைக்கப்பட்ட அனிமே தளமான ஃபனிமேஷனின் செயலி 2024 ஏப்ரல் 2 அன்று மூடப்பட்டது. டிஸ்க் வாங்கியபோது கூடவே கிடைத்த டிஜிட்டல் பிரதிகள் க்ரஞ்சிரோலுக்கு மாற்றப்படவில்லை. காசு கொடுத்தவர்களின் அலமாரி ஒரே நாளில் காலி. அதனால்தான் சொல்கிறேன், பிடித்த தொடர் டிஸ்க்கில் வந்தால் வாங்கி வையுங்கள். ஓடிடிக்கென்றே எடுத்த பல தொடர்களுக்கு டிஸ்க் வருவது தாமதம், சிலவற்றுக்கு வருவதே இல்லை. தயாரிப்பது அவர்கள் என்றால் அழிப்பதும் அவர்கள் கையில்தான். இதில் எனக்கு நல்ல பக்கம் எதுவும் தெரியவில்லை.

நைட்_டியூட்டி, திருச்சி

சார், டிஸ்க் வாங்கலாம். பிளேயருக்கு எங்கே போவது?

வெள்ளிக்கிழமை_ரசிகன், கோவை

எல்லாருக்கும் நன்றி. ஜெர்சி அக்கா சொன்ன ஜெயில் காலத்துக்கு இப்போதைய நிலைமை எவ்வளவோ தேவலை. 2024 ஜனவரியில் ‘டெலிஷஸ் இன் டன்ஜன்’ வந்தபோது அதே நெட்ஃபிளிக்ஸ் ஜப்பானோடு சேர்த்து வாரா வாரம் வெளியிட்டது, 24 எபிசோடு, ஜூன் வரை. எங்கள் குழு மறுபடி உயிர்பெற்றது அப்போதுதான். கதையில் வருகிற மாதிரி பூதத்தை வேகவைத்தால் என்ன ருசி வரும் என்று வியாழன்தோறும் சண்டை. ஒருத்தி ஒவ்வொரு வாரமும் அந்த வாரச் சாப்பாட்டை நாட்டுக் கோழியில் செய்துபார்த்துப் படம் போட்டாள். அதே வருடக் கடைசியில் ‘ரன்மா’, ‘டான்டடான்’ எல்லாம் வாரா வாரம்தான். அப்படியென்றால் முடியாது என்பதில்லை, மனம் வைத்தால் முடிகிறது.

நைட் டியூட்டிக்கு ஒரு சமரசம்: ‘ஃப்ரீரன்’ 2023 செப்டம்பரில் ஜப்பான் டிவியிலேயே முதல் நான்கு எபிசோடை ஒன்றாகச் சேர்த்து இரண்டு மணி நேரமாகப் போட்டார்கள், அப்புறம் வாரம் ஒன்று. ஆரம்பத்தில் ஒரு கை நிறைய, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ‘ஜோஜோ’வின் அடுத்த பாகமான ‘ஸ்டீல் பால் ரன்’னும் நெட்ஃபிளிக்ஸில்தான் என்று அறிவித்தபோது நான் முதலில் தேடியது டிரெய்லரை இல்லை, வெளியீட்டு அட்டவணையை.

நைட்_டியூட்டி, திருச்சி

வாரா வாரமே விடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. எல்லாம் முடிந்த பிறகு லீவு போட்டு மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன். அதுவரைக்கும் யாரும் என்னை டேக் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.