குடியை விட்டதைக் கோர்ட்டில் காட்டுவது: கலிஃபோர்னியா கஸ்டடி வழக்குகளில் நான்கு பேர் பார்த்தவை

குடும்ப வழக்கறிஞர், கலிஃபோர்னியா

முதலில் சட்டம். கஸ்டடி வழக்கில், அதாவது பிரிந்த பெற்றோரில் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், தாயையோ தந்தையையோ மதுப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் குடும்பச் சட்டம் 3041.5ஆம் பிரிவிலிருந்து வருகிறது. "அவர் குடிக்கிறார்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் மட்டும் போதாது. தொடர்ந்து மதுவைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று ஆதாரங்களை எடைபோட்டு ஜட்ஜ் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அதன் பிறகும், உடலில் மிகக் குறைவாகத் தலையிடும் முறையைத்தான் உத்தரவிட முடியும். அதுவும் கூட்டாட்சி ஊழியர்களுக்கான பரிசோதனை நடைமுறைக்கு ஒத்துப்போக வேண்டும். இந்த வரம்பைச் சுட்டிக்காட்டித்தான் 2005இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒரு தாய்க்கு விதித்த தலைமுடிப் பரிசோதனையை ரத்து செய்தது.

இருதரப்பும் பேசி ஒத்துக்கொண்டு கையெழுத்திடும் உத்தரவு வேறு வகை. ஊதினால் மூச்சிலுள்ள மதுவைக் காட்டும் கையடக்க மூச்சுக் கருவி, ரத்தப் பரிசோதனை எல்லாம் வழக்குக்குள் வருவது இந்த வழியில்தான். குடியை உண்மையாகவே விட்டவருக்கு என் ஆலோசனை: எதிர்த்தரப்பு மனு போடும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே முன்வந்து கேளுங்கள். விசாரணை நாளன்று கையில் 90 நாள் சுத்தமான பதிவு இருந்தால், பேச்சே வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள். ஒரு பாசிட்டிவ் முடிவை மட்டும் வைத்துக் கஸ்டடியில் பாதகமான தீர்ப்பு தர இந்தப் பிரிவு இடம் தரவில்லை. அதை எதிர்த்து விசாரணை கேட்கும் உரிமையும் உண்டு. அடுத்தது, முடிவுகள் ரகசியம். முன்னாள் கணவரின் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் 2,500 டாலர் வரை அபராதம் வரலாம்.

மூச்சுக் கருவிப் பயிற்சி தருபவர்

மேடம் சொன்ன அந்தப் பதிவு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். கஸ்டடி வழக்குகளில் அடிக்கடி பெயர் கேட்கும் மூச்சுக் கருவி சோபர்லிங்க். உள்ளே இருப்பது ஆல்கஹாலை அளக்கும் ஃபியூயல் செல் சென்சார். அது அசிட்டோனுக்கு எதிர்வினை காட்டாது. அதனால் சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோனை மது என்று தவறாகக் காட்டிவிடும் என்ற பயம் வேண்டாம். ஊதும்போதே கேமரா முகத்தைப் படமெடுத்துப் பதிவிலுள்ள முகத்தோடு ஒப்பிடும். வேறு காற்றைச் செலுத்தினால் பிடிக்க, மூச்சை உணரும் சென்சார்களும் உண்டு. முடிவு உடனே எதிர்த்தரப்புக்கோ வழக்கறிஞருக்கோ போய்விடும். ஒரு மாடல் தானே செல்போன் அலைவரிசையில் அனுப்பும், இன்னொன்று உங்கள் போனோடு இணைந்து அனுப்பும். சிக்னல் சரியில்லாத மலைப்பகுதிக்குக் குழந்தையோடு போகிறீர்கள் என்றால் இதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை டெஸ்ட் என்பதுதான் முக்கியமான கேள்வி. உடல் மணிக்கு ஏறக்குறைய 0.015 முதல் 0.020 சதவீதம் வரை ரத்த ஆல்கஹாலைக் குறைக்கிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு அளவு மது என்றால் 14 கிராம் ஆல்கஹால், அதாவது ஒரு 355 மில்லி பீர். 70 கிலோ எடையுள்ள ஆண் இரண்டு பீர் குடித்தால் சுமார் 4 மணி நேரத்தில் மூச்சில் எதுவும் இருக்காது. இரவு 9 மணிக்குக் குடித்தவர் காலை 7 மணி டெஸ்டில் சுலபமாகத் தேறுவார். ஆகவே காலையில் ஒன்று மட்டும் என்ற உத்தரவு யாருக்கும் உதவாது. குடிக்காதவருக்கும் அது நம்பிக்கையைத் தராது. எழுந்ததும், மாலை 4 மணிக்கு, படுக்கும் முன் என்று மூன்று நேரம் வைத்தால் இடைவெளி குறைகிறது. குழந்தை தங்கும் நாட்களில் ஒப்படைப்புக்குச் சற்று முன் இன்னொன்று சேர்க்கலாம்.

ஊதுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது, மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம். வாயில் தங்கிய ஆல்கஹால் அந்த நேரத்தில் ஆவியாகிவிடும். ஊதும் முன் தண்ணீரால் கொப்பளியுங்கள். பாசிட்டிவ் வந்தால் கருவி 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லும். பதற்றத்தில் கருவியைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள், அதுதான் கெடுதல். 0.03 காட்டி 15 நிமிடத்தில் பூஜ்யம் என்றால் வாய் ஆல்கஹால் என்று விளக்க முடியும். மறுபடி ஊதவே இல்லை என்றால் விளக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆய்வகப் பணியாளர்

மூச்சு மணிக்கணக்கைத்தான் காட்டும். நாள்கணக்கில் பார்க்கச் சிறுநீரில் ஈ.டி.ஜி, வாரக்கணக்கில் பார்க்க ரத்தத்தில் பெத். குடித்த ஆல்கஹாலிலிருந்து உடலில் உருவாகும் பொருட்கள் இவை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தேவையில்லாத சண்டைகள் நடக்கின்றன.

ஈ.டி.ஜி மிகவும் நுட்பமானது, அதன் பிரச்சினையும் அதுவே. அதிகம் குடித்திருந்தால் மூன்று நாள் வரை தெரியும். மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று வரம்பு வைத்தால், கைச் சானிடைசரை நாள்முழுக்கப் பூசியவரும் மவுத்வாஷ் பயன்படுத்துபவரும் சிக்கலாம். 500 வைத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். உத்தரவில் வரம்பு எண்ணை எழுதாமல் விட்டால் ஆய்வகத்துக்கு ஆய்வகம் பதில் மாறும்.

நம்மவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் போன்றவை புளிக்கவைத்துச் செய்பவை. தானாக உருவான ஆல்கஹால் இருப்பதாக லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். 10% என்று வைத்தால் 30 மில்லியில் சுமார் 2.4 கிராம். ஈ.டி.ஜி-யில் தெரிய அது தாராளம். ஹோமியோபதி தாய்த் திரவமும் (மதர் டிங்சர்) ஆல்கஹாலில் கரைத்ததுதான், சில இருமல் மருந்துகளும் அப்படியே. ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த மருந்து என்று கோர்ட்டில் பின்னால் சொன்னால் சாக்காகத்தான் கேட்கும். கண்காணிப்பு தொடங்கும் அன்றே நிறுத்துங்கள்.

தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துவிட்டு வராதீர்கள். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கிரியாட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் போய், அடர்த்தியும் குறைந்திருந்தால், நீர்த்த மாதிரி என்று ரிப்போர்ட் வரும். அது நெகட்டிவ் என்றாலும் யாரும் நம்பமாட்டார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் சொல்லுங்கள், கிருமிகள் ஈ.டி.ஜி-யைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். கூடவே ஈ.டி.எஸ் என்ற இன்னொரு மது அடையாளத்தையும் பார்க்கச் சொன்னால் இந்தச் சந்தேகம் தீரும்.

பெத் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. ஆல்கஹால் ரத்தத்தில் இருந்தால்தான் அது சிவப்பணுச் சவ்வில் உருவாகும். இரண்டு முதல் நான்கு வாரம் தங்கும். 20 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குடிக்கவில்லை அல்லது மிகக் கொஞ்சம், 200க்கு மேல் என்றால் அதிகக் குடி. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் கவனம். தினசரி மூச்சு டெஸ்டோடு மாதம் ஒரு பெத் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும்.

தலைமுடியைத் தனி ஆதாரமாக வைக்கும் யாரையும் எதிர்த்து நில்லுங்கள். டொரன்டோ சிக் கிட்ஸ் மருத்துவமனையின் மதரிஸ்க் ஆய்வகம் 2005 முதல் 2015 வரை குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளுக்குத் தந்த தலைமுடி முடிவுகள் நம்பத் தகாதவை என்று 2015 டிசம்பரில் அரசு நியமித்த ஆய்வு அறிவித்தது. பிறகு வந்த ஆணையம் 1,271 வழக்குகளைப் பார்த்து, 56இல் அந்த முடிவுகள் பெரிய பாதிப்பை ஏற்படுத்தியதாக 2018இல் சொன்னது. ஒவ்வொன்றும் ஒரு குடும்பம். ப்ளீச் செய்த முடியில் ஈ.டி.ஜி குறையும்; ஆல்கஹால் கலந்த ஹேர் ஸ்ப்ரே, முடியில் பார்க்கும் இன்னொரு மது அடையாளமான கொழுப்பு எஸ்டரின் அளவைக் கூட்டும்.

பெற்றோர்-குழந்தை மேற்பார்வைச் சந்திப்புகளை நடத்துபவர்

கணுக்கால் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்க்ராம் பட்டை 30 நிமிடத்துக்கு ஒருமுறை தோலிலிருந்து வரும் ஆவியில் ஆல்கஹால் இருக்கிறதா என்று சோதிக்கும். தவறவிட்ட டெஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அதன் பலம். ஆனால் தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ அமிழ்த்தக் கூடாது. பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் அப்பாவுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அரைக்கால் சட்டை போட்டால் குழந்தை பார்த்துக் கேட்கும், என்ன பதில் என்பதை முன்பே யோசித்து வையுங்கள். பட்டைக்குப் பக்கத்தில் வாசனைத் திரவியம் பட்டால் அளவு சட்டென்று ஏறி இறங்கும். குடித்தால் வரும் கோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். ஆய்வாளர் இதைப் பிரித்துப் பார்க்கிறார்.

மூச்சுக் கருவி வைத்திருப்பவர்கள் அதிகம் மாட்டுவது குடியால் அல்ல, தவறிய டெஸ்டால். சார்ஜ் இல்லை, தூங்கிவிட்டேன், காரில் இருந்தேன் என்பார்கள். ஓட்டிக்கொண்டே ஊதாதீர்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி ஊதுங்கள், அல்லது ஸ்கூல் விடும் நேரத்தைத் தவிர்த்து டெஸ்ட் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். தவறிவிட்டால் தெரிந்த நிமிடமே ஊதி, காரணத்தை எழுத்தில் அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து வரும் விளக்கத்துக்கு மதிப்பில்லை.

குடும்ப வழக்கறிஞர், கலிஃபோர்னியா

சார் சொன்ன அந்தத் தவறிய டெஸ்ட்தான் உத்தரவில் மிக மோசமாக எழுதப்படும் இடம். "தவறினால் பாசிட்டிவாகக் கருதப்படும்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை நிமிடம் சலுகை, தாமதமாக ஊதிப் பூஜ்யம் வந்தால் என்ன, கருவி பழுதானால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், இவற்றையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ், செலவு யாருடையது, ரிப்போர்ட்டைப் பார்க்க யாருக்கு அனுமதி என்பதும் அதிலேயே வரட்டும்.

குழந்தை உங்களோடு இருக்கும்போது உறுதியான பாசிட்டிவ் வந்தால், யார் வந்து அழைத்துப்போவது என்று ஒரு பெயர் வேண்டும். பாட்டியோ சித்தியோ, இருதரப்பும் நம்பும் ஒருவர். இரவு 11 மணிக்குப் பெற்றோர் இருவரும் வாசலில் கத்திக்கொண்டிருக்க, குழந்தை பையோடு நிற்கும் நிலை வரக் கூடாது. அந்த ஒரு நாள் போனதால் மற்ற நாட்களும் போகாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசியாக, முடியும் தேதி. ஆறு மாதம் சுத்தம் என்றால் குழந்தை தங்கும் நாட்களில் மட்டும் டெஸ்ட், இன்னும் ஆறு மாதம் கடந்தால் முழுதாக நிறுத்தம் என்று படிப்படியாகக் குறையும் வரி இல்லாத உத்தரவை ஒத்துக்கொள்ளாதீர்கள். அது இல்லாவிட்டால் நிறுத்தச் சொல்லி நீங்கள்தான் மனு போட வேண்டிவரும், அதற்கான பணமும் உங்கள் பையிலிருந்து போகும்.