‘வாஸெயில்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். இங்கிலாந்தின் சாமர்செட் ஆப்பிள் தோப்புச் சடங்கு பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ‘வாஸெயில்’ என்ற ஒரே சொல்லில் நான்கு நாளாகச் சிக்கி நிற்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

அந்தச் சொல்லின் மூல அர்த்தம் ‘நலமாக இரு’. கிண்ணத்தை நீட்டுபவர் அதைச் சொல்ல, வாங்குபவர் ‘டிரிங்க்ஹெயில்’, அதாவது ‘நலமாகக் குடி’ என்பார். பிறகு கிண்ணத்திலிருந்த சூடான மதுவுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது: ஜாதிக்காய், இஞ்சி, மேலே மிதக்கும் சுட்ட ஆப்பிள். ஜனவரி 17 அன்று கார்ஹாம்ப்டன் ஊரில் ஆப்பிள் மரத்தடியில் சைடர் எனும் ஆப்பிள் மதுவை ஊற்றி, அதில் நனைத்த ரொட்டியைக் கிளையில் செருகி, நல்ல விளைச்சலுக்காகப் பாடுவதும் வாஸெயில்தான். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அதைக் கெடுத்துவிடக் கூடாது.

‘மதுவாழ்த்து’ போட்டுப் பார்த்தேன், மரத்துக்குப் பொருந்தவில்லை. ‘நலம் வாழ்க’ வாழ்த்துக்குச் சரி, பானத்துக்கு ஆகாது. ஒலிபெயர்த்தால், சிலர் உச்சரிக்கிறபடி ‘வாசல்’ என்றே ஆகிவிடுகிறது. அகராதிகளில் ‘குடிக்களியாட்டம்’ போன்றவைதான் கிடைத்தன. அதில் வாழ்த்தே இல்லை.

வாழ்த்து, பானம், சடங்கு மூன்றையும் தாங்கும் ஒரே தமிழ்ச்சொல் உங்களுக்குத் தோன்றுகிறதா?