மறு: மறு: வயபிலிட்டி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அவையோர்க்கு வணக்கம். உணவுத் தொழில்நுட்பப் பட்டயப் பாடநூலின் ஓர் இயலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பழச்சாறு, சோயா, ஓட்ஸ் முதலிய பாலில்லாப் பானங்களில் ப்ரோபயாட்டிக்கின் (உடலுக்கு நலம் தரும் நுண்ணுயிர்) வயபிலிட்டியை, அதாவது அது உயிரோடு நீடிக்கும் தன்மையை, காப்பது பற்றியது. பாலின் புரதம் அமிலத்தின் கடுமையைத் தாங்கிக்கொள்ளும்; சாற்றில் அந்தக் காப்பு இல்லை. பிஎச் பெரும்பாலும் 4க்குக் கீழே. குளிரில் வைத்தாலும் எண்ணிக்கை நாளுக்கு நாள் சரிகிறது. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் முதல் 1 கோடி வரையாவது பயன்படுத்தத் தக்க கடைசி நாளில் மிஞ்ச வேண்டும் என்பது துறை வழக்கு. ப்ரோபயாட்டிக்கை 'நன்னுயிரி' ஆக்கிவிட்டேன். வயபிலிட்டிக்கு 'உயிர்ப்பு' போடலாமா?

---

> 'உயிர்ப்பு' போடலாமா?

கூடாது. உயிர்த்தல் மூச்சுவிடுதல், உயிர்ப்பு மூச்சு. பிஃபிடோபாக்டீரியம் என்ற நன்னுயிரிக்கு ஆக்சிஜனே பகை என்று உங்கள் இயலிலேயே இருக்குமே! காற்றுப் பட்டால் மடிவதற்கு மூச்சைப் பெயராக வைப்பதா? 'உய்திறன்' என்க. உய்தல் என்றால் இடர் கடந்து பிழைத்தல். 110ஆம் குறளில் 'உய்வு' இருமுறை வருகிறது. வினைத்தொகை ஆகையால் வலி மிகாது. 'உய்த்திறன்' என்று எழுதிவிடாதீர்கள், உய்த்தல் செலுத்துதல் ஆகிவிடும். 'உயிர்' என்பதே 'உய்' அடியாகப் பிறந்தது என்பது என் துணிபு. விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.

---

ஐயா, விரிக்க வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். இன்று காலை வகுப்பில் 'உய்திறன்' என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். நான்கு பேர் 'உயர்திறன்' என்று படித்தார்கள். ஒருத்தி எழுத்துப் பிழை என்று திருத்தவே வந்துவிட்டாள். ஆய்வகத்தில் எல்லாரும் 'வயபிள் கவுண்ட்' (உயிருள்ளவற்றின் எண்ணிக்கை) என்றுதான் சொல்கிறார்கள். அதையே தமிழெழுத்தில் போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

---

சொல்லுக்கு முன் பொருளைப் பாருங்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்து எண்ணும்போது, பெருகிக் கண்ணுக்குத் தெரியும் குழுமம் கட்டுபவை மட்டுமே கணக்கில் வரும். அமிலத்தில் அடிபட்டவற்றில் சில உயிரோடு இருந்தும் தட்டில் வளரா. உறங்கும் விதை முளைக்காததால் செத்தது ஆகுமா? விதைக்கு 'முளைப்புத்திறன்' வேறு, உயிர் வேறு. அதே வேறுபாடு இங்கும் வேண்டும். இன்னொன்று: பேசிலஸ் கோயாகுலன்ஸ் என்ற நன்னுயிரி, தடித்த உறைக்குள் உறங்கும் வித்தாகவே (ஸ்போர்) பானத்தில் கிடக்கும், அமிலம் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. ஆல்ஜினேட் என்ற கடற்பாசிக் கூழின் மணிக்குள் பொதிந்து வைத்ததும் பாதி பாதுகாப்பில்தான் இருக்கிறது. 'இடர் கடத்தல்' எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. என் வாக்கு 'உயிர்த்திறன்'.

---

'பாலில்லா' என்பதை யாரும் கேட்கவில்லையே! சோயாப்பால் பால் இல்லையா? கள்ளியில் வடிவதும் பால்தான். கறந்த மடிப்பாலுக்கே 'பால்' என்ற பெயர் என்று கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத்தர அமைப்பு 1999இல் வரையறுத்தது, சரி. தமிழ் அதைக் கேட்டா நடந்தது? 'கறவைசாரா' என்று மாற்றலாம்.

---

'பாலில்லா' என்றால் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை என்றும் பொருள்படும். பால் பகுப்பு, பால் ஊழ், பால்...

---

ஐயா, நாளை வெள்ளி!

---

ஒரே ஒரு குறிப்பு. 2001இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு தந்த வரையறையிலேயே 'உயிருள்ள' என்ற சொல் உண்டு; போதிய அளவில் உட்கொண்டால் நலம் தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்கிறது. செத்தது நன்னுயிரியே அன்று. அப்படியிருக்க 'நன்னுயிரியின் உயிர்த்திறன்' கூறியது கூறல். 'நன்னுயிரி எண்ணிக்கை குறைந்தது' என்றாலே போதும், பாதி வாக்கியங்களில் இந்தச் சொல்லே தேவைப்படாது.

---

மொழிபெயர்ப்பவன் மீண்டும். எல்லாருக்கும் நன்றி. முடிந்த இடங்களில் 'எண்ணிக்கை' என்றே விட்டேன். மற்ற இடங்களில் 'உயிர்த்திறன்'. தட்டில் வளர்வதற்கு 'வளர்ப்புத்திறன்'. 'பாலில்லா' அப்படியே இருக்கிறது, மாற்ற நேரமில்லை. இரவு பதினொன்றரைக்குக் கோப்பு போய்விட்டது.

---

அச்சாகட்டும். என் மறுப்பைப் பதிவு செய்க. 'உயிர்த்திறன்' ஆறாம் வேற்றுமைத் தொகை, உயிரது திறன். அந்த உயிர் பாட்டிலுக்குள் இருப்பதா, குடித்தவருடையதா என்று ஒரு மாணவராவது கேட்பார். 'உய்திறன்' இரண்டாம் பதிப்புக்குக் காத்திருக்கும்.

---

'ஷெல்ஃப் லைஃப்' என்பதற்கு என்ன போட்டீர்கள்?