கனடாவிலிருந்து வந்த நுணுக்குக்காட்டிகள்: அடுத்து என்ன காட்டலாம்?

வேலணை ரீச்சர்:
பழைய மாணவர்கள் கனடாவிலிருந்து 4 நுணுக்குக்காட்டிகள் அனுப்பியிருக்கிறார்கள். போன கிழமை தரம் 10 பிள்ளைகள் சின்ன வெங்காய உரியில் அயடீன் விட்டுப் பார்த்தார்கள். "ரீச்சர், செங்கல் அடுக்கின மாதிரி இருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள். இத்தனை வருடமாகக் கலத்தைக் கரும்பலகையில் மட்டுமே வரைந்து காட்டிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து என்ன காட்டலாம்? ஒன்றின் விளக்கு போட்டவுடனே எரிந்து போனது, ஏன்?

சுன்னாகம் மின் வேலைக்காரர்:
அங்கே 120 வோல்ட், இங்கே 230. அதுதான் காரணமாக இருக்கும். மற்ற மூன்றையும் செருக முதல் அடப்டரைப் பாருங்கள். 100-240 என்றிருந்தால் பயமில்லை. 120 மட்டும் என்றால் மின்மாற்றி கட்டாயம் வேண்டும்.

பருத்தித்துறை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு போதும் பிள்ளை, உயிர்கள் நீந்துவதைப் பார்த்தால் பிள்ளைகள் மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள். ஈரக் காற்றில் வில்லைகளில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அலுமாரியில் பூட்டி மட்டும் வைக்காதீர்கள்!

வேலணை ரீச்சர்:
நன்றி சேர், நன்றி அண்ணா. அடப்டர்களைப் பார்த்தேன், மற்ற மூன்றும் 100-240தான். வீட்டுக் கிணற்றில் உரம் கலந்திருக்கிறதா என்று பார்க்கலாமா என ஒரு மாணவன் கேட்கிறான்.

சுன்னாகம் மின் வேலைக்காரர்:
உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று தண்ணீரில் கரைந்திருக்கும், நுணுக்குக்காட்டியில் தெரியாது. சோதனைப் பட்டி வேண்டும். குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அடுத்த பொதியில் அந்தப் பட்டியைக் கேளுங்கள்.

வேலணை ரீச்சர்:
இன்றைக்கே எழுதுகிறேன்.