பொருள்: 'போட்டிசார் முதலீடு' - மாற்றுச்சொல் வேண்டும்

வணக்கம்.

வல்லரசுகளின் போட்டியால் விண்வெளித் திட்டங்களுக்கு அரசுப் பணம் பாய்வதை நம் கலைச்சொல் பட்டியலில் 'போட்டிசார் முதலீடு' என்று வைத்திருக்கிறோம். அதில் 'முதலீடு' பொருந்தவே இல்லை. லாபத்தோடு திரும்பும் என்று போடுவதுதான் முதலீடு. நிலவுக்கு ஆள் அனுப்பிய அப்பல்லோ திட்டத்துக்குப் போனது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஆண்டுதோறும் ஒதுக்கிய பணம்.

1961 ஏப்ரல் 12 அன்று சோவியத் விண்வெளி வீரர் ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். எட்டே நாளில் அமெரிக்க அதிபர் கென்னடி, துணை அதிபர் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சோவியத்தை முந்த எதில் வாய்ப்பு இருக்கிறது, விண்ணில் ஆய்வுக்கூடமா, நிலவைச் சுற்றுவதா, ஆளை இறக்கித் திரும்புவதா என்பதுதான் கேள்வி. என்ன வரவு கிடைக்கும் என்று அதில் கேட்கவில்லை. அமெரிக்க மைய அரசின் செலவில் நாசாவின் பங்கு 1966-ல் ஏறத்தாழ 4.4 விழுக்காட்டைத் தொட்டது; அதுவே உச்சம். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைப்பதற்குள்ளேயே பணம் இறங்குமுகம். அப்பல்லோவை நிலவுக்கு ஏவிய சாட்டர்ன் 5 ராக்கெட் பதினைந்துக்கு மேல் வேண்டாம் என்று 1968-லேயே முடிவாகிவிட்டது. முதலீட்டை இப்படிப் பாதியில் யாரும் கைவிடமாட்டார்கள்.

'சார்' என்பதும் மழுப்பல். போட்டிதான் தள்ளுகிறது என்பது சொல்லிலேயே தெரியவேண்டும். 'போட்டியுந்து ஒதுக்கீடு' என்று முன்மொழிகிறேன்.

---

> 'போட்டியுந்து ஒதுக்கீடு' என்று முன்மொழிகிறேன்

'உந்து' அருமை. வெறும் 'ஒதுக்கீடு' என்றால் நம் வாசகருக்கு இடஒதுக்கீடுதான் முதலில் தோன்றும். 'நிதி ஒதுக்கீடு' என்றே எழுதிவிடலாம்.

விளக்கக் குறிப்பில் சோவியத் பக்கத்தையும் சேர்க்கவேண்டும். போட்டி பணத்தை மட்டுமா உந்துகிறது, காலத்தையும் நெருக்குகிறது. நிலவில் ஆளிறக்கும் ஆணை அங்கே 1964 ஆகஸ்டில்தான் வந்தது. மூன்று ஆண்டு பின்தங்கியாயிற்று, கையில் பணமும் போதவில்லை. நிலவுக்காக அவர்கள் கட்டிய என்1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அத்தனையையும் ஒன்றாகத் தரையில் எரித்துச் சோதிக்கும் மேடையே கட்டவில்லை. போதாக்குறைக்கு, அதில் பூட்டிய என்கே-15 வகை எஞ்சினை ஒருமுறை எரித்துவிட்டால் மறுபடி பறக்கவிட முடியாது. ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை மட்டும் எரித்துப் பார்த்துவிட்டு, எரிக்காத மற்றவற்றை ராக்கெட்டில் பூட்டினார்கள். 1969 முதல் 1972 வரை ஏவிய நான்கும் தோல்வி. இரண்டாவது, 1969 ஜூலை 3 அன்று, ஏவுதளத்தின்மேலேயே விழுந்து அதை நாசமாக்கியது.

---

'நிதி ஒதுக்கீடு' எனக்கும் சம்மதம். காலநெருக்கடியைக் குறிப்பில் சேர்க்கலாம், சொல்லுக்குள் திணிக்கவேண்டாம். பதிவு இப்படி இருக்கட்டும்:

போட்டியுந்து நிதி ஒதுக்கீடு: எதிரி நாட்டை முந்துவதற்காக அரசு ஒரு திட்டத்துக்கு ஆண்டுதோறும் தரும் பணம், போட்டி தணிந்தால் குறையும்.

'ஸ்பேஸ் ரேஸ்' தனிப் பதிவு. அதற்கு 'விண்வெளிப் போட்டி' என்று ஏற்கெனவே இருப்பதை மாற்றவேண்டியதில்லை.