பஸ்ஸில் வந்தால் பாயின்ட்: உங்கள் ஆபீஸில் எப்படி நடந்தது?

வடசேரி வாசி:
சொந்த வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தால் பாயின்ட் என்று எங்கள் ஆபீஸில் வைத்த போட்டி முடிந்து மாசக்கணக்காகிறது, மனசு இன்னும் ஆறவில்லை. டிக்கெட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும், தெரிந்த கதைதான். பூதப்பாண்டியிலிருந்து வரும் அக்கா ஒருவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் டவுன் பஸ்தான். அவரும் மகளிர் கட்டணமில்லா டிக்கெட்டைப் போட்டார். உடனே அட்மின், "ஓசி டிக்கெட் கணக்கில் வராது. நீங்க எந்த வண்டியையும் விடலையே?" என்று எழுதினார். அக்கா பதிலே சொல்லாமல் அந்தப் படத்தை அழித்துவிட்டார். முதல் பரிசான குக்கர், காரை வீட்டில் நிறுத்தியவருக்குப் போனது. மறுநாளே கார் ஆபீஸ் வாசலில் நின்றது.

குலசேகரம் சைக்கிள்:
கார்காரருக்குக் கொடுத்ததில் தப்பில்லை. பழக்கத்தை மாற்றத்தானே போட்டி? எனக்குப் பிரச்சினை, சைக்கிள் மிதித்த கிலோமீட்டருக்குத் தகுந்த பாயின்ட் என்ற எங்கள் ஆபீஸ் கணக்கு. இங்கிருந்து மார்த்தாண்டம் வரை ஏற்றமும் இறக்கமும்தான். ஆப்பில் இரண்டாம் இடம் என்று காட்டியதும், மழையென்றும் பார்க்காமல் மிதித்தேன். பின்னால் வந்த டாரஸ் லாரி ஒட்டிக்கொண்டு போனது. முழங்கைக்குப் பக்கத்தில் அந்தச் சக்கரம் சுழன்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

தக்கலை நண்பன்:
குலசேகரத்தாரே, பழக்கம் மாற வேண்டும் என்பதற்காக ஏற்கெனவே பஸ்ஸில் வருகிறவரை வெளியே தள்ளலாமா? அவரும் ஸ்கூட்டர் வாங்கினால் சாலையில் ஒரு வண்டி கூடத்தானே செய்யும்?

எங்கள் ஆபீஸில் ஜூன் மழை தொடங்கியதும் அணியே கலைந்துபோனது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் ஜனவரியில் வையுங்கள். ஒருவருக்கே பரிசு என்றால் பின்தங்கியவர்கள் சீக்கிரமே விட்டுவிடுவார்கள். பெங்களூரு இன்போசிஸில் 2008-ல் ஸ்டான்போர்டு பேராசிரியர் பாலாஜி பிரபாகர் தொடங்கிய திட்டத்தில், நெரிசலுக்கு முன்பே வந்தவர்களுக்குப் புள்ளி கொடுத்து வாராவாரம் குலுக்கல் நடத்தினார்கள். நிறையப் பேர் முந்தி வரத் தொடங்கினார்கள். இத்தாலியின் போலோனியா நகரத்தில் 2017-ல் வைத்த திட்டத்தில் நடந்து போனாலும், சைக்கிள் மிதித்தாலும், பஸ் ஏறினாலும் புள்ளி. அதை ஐஸ்கிரீமாகவோ சினிமா டிக்கெட்டாகவோ மாற்றிக்கொள்ளலாம். தூரக் கணக்கே கிடையாது, பயணத்துக்கு இத்தனை என்றுதான். அப்படி வைத்தால் நீங்களும் லாரியோடு போட்டி போட வேண்டியிருக்காது. அப்புறம், மழையில் சைக்கிளை விட்டு பஸ் ஏறினாலும் அதே புள்ளி கொடுக்கச் சொல்லுங்கள்.

வடசேரி வாசி:
குலுக்கல் நல்ல யோசனை, மேலாளரிடம் பேசுகிறேன். ஆனால் கார்காரர் விஷயத்தை ஏற்க முடியாது. 2021 மே முதல் அரசு கொடுக்கிற சலுகையை 'ஓசி' என்று சொல்ல யாருக்கு உரிமை? அடுத்த தடவை அக்காவின் டிக்கெட்டுக்குப் பாயின்ட் இல்லையென்றால் நானும் பெயர் கொடுக்க மாட்டேன்.